எழுத்தும் இயந்திரமும்

மனிதன் தன் எண்ணத்தைத் தன் காலத்துக்கும் தன் ஊருக்கும் அப்பால் அனுப்பக் கண்டுபிடித்த வழிகளில் எழுத்தே தலையாயது. பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். கல்லில் வெட்டினோம், ஓலையில் கீறினோம், ஈயத்தில் வார்த்துக் காகிதத்தில் பதித்தோம். கல்லைப் பெயர்த்து வேறோர் ஊரில் நட்டாலும் அதிலுள்ள 'க' என்னும் எழுத்து 'க'வாகவே இருக்கும். ஓலைச்சுவடியைக் கப்பலேற்றிக் கடாரத்துக்குக் கொண்டுவந்தாலும் நடுக்கடலில் அதன் எழுத்து உருமாறுவதில்லை. ஆனால் இன்று நம் எழுத்தில் பெரும்பகுதி கணினியில் வாழ்கிறது. அவ்வெழுத்தோ ஓர் இயந்திரத்தில் ஏறும்போது ஒன்றாகவும், மற்றோர் இயந்திரத்தில் இறங்கும்போது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. இது ஏன்? இதனால் யாருக்குக் கேடு? இதற்குப் பரிகாரம் யாது? இவற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இயந்திர விவகாரம் நமக்கு எதற்கு? அது படித்த என்ஜினீயர்கள் பாடு" என்று சிலர் சொல்லக்கூடும். திருமண அழைப்பு, நீத்தார் நினைவுத் தாள், பள்ளி ஆண்டு மலர், கோவில் வரவு செலவுக் கணக்கு, சங்கத்தின் தீர்மானம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் அச்சிடாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் உண்டா? அரிசி மூட்டை வாங்கினால் எடை சரியா என்று பார்க்கிறோம். நம் பெயரும் நம் பெற்றோர் பெயரும் தாளில் சரியாக ஏறினவா என்று பார்ப்பது அதனினும் சிறிய காரியமன்று. எடையில் குறைந்தது ஒரு வேளைச் சோற்றோடு போகும். எழுத்தில் குறைந்தது பேரப்பிள்ளைகள் காலம் வரையில் நிற்கும்.

பழைய போராட்டம்

தமிழ் எழுத்து இயந்திரத்தோடு போராடுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஐரோப்பிய மொழிகளை அச்சுக் கோப்பவனுக்குச் சில பத்து எழுத்துகள் போதும். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கொம்பையும் காலையும் தனித்தனியே வார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் எனினும், ணா, றா, னா போன்றவற்றுக்கும், ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் அந்நாளில் தனி உருவங்கள் இருந்தன. கோப்பவர் பெட்டியில் அவற்றுக்குத் தனித்தனி அறை வேண்டியிருந்தது. குழந்தையின் நினைவிலும் தனித்தனி இடம் வேண்டியிருந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935ஆம் ஆண்டில் இத்தகைய 13 எழுத்துகளைச் சீர்திருத்தித் தம் 'குடி அரசு' இதழிலேயே அச்சிட்டுக் காட்டினார். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. தமிழ் அழிந்துவிடும் என்று அலறியவர்கள் பலர். தமிழ் அழிந்ததா? இல்லை. இன்று அச்சேறும் தமிழெல்லாம் அந்த உருவிலேயே ஏறுகிறது.

நம் மலாயாத் தமிழர்க்கும் இப்போராட்டத்தில் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் 1886ஆம் ஆண்டில் பிறந்து, பிழைப்பை நாடி மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் எழுத்தர் வேலை பார்த்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர். அவர் வகுத்த முறைப்படி ஜெர்மனியில் பொறிகள் செய்யப்பட்டன. இத்தனை எழுத்தையும் சிறிய பலகையில் அடக்க முடியாது என்று சோர்ந்திருந்தவர்கள், கூலிக் கப்பல் வந்த கடல் வழியே வந்த ஒரு குமாஸ்தா அதனைச் செய்து முடித்ததைக் கண்டார்கள்.

அக்காலத்து அச்சுக்கூடத்தில் ஒரு பெரிய பாதுகாப்பு இருந்தது. 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' ஆகட்டும், 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' ஆகட்டும், 1935இல் பிறந்த 'தமிழ் முரசு' ஆகட்டும், அவற்றில் எழுத்துக் கோத்தவர் தமிழறிந்தவர். எழுத்து தலைகீழாய் நின்றால் அவர் கண் உறுத்தும். கொம்பு ஒன்று குறைந்தால் அவர் கை தானே எடுத்து வைக்கும். ஆசிரியர் பிழையாக எழுதியதைக் கோப்பவர் திருத்திய கதைகளும் உண்டு. எழுத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு தமிழ்க் கண் காவல் நின்றது. அக்காவலை இன்று நாம் இழந்துவிட்டோம் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

173ஆம் அறை

கணினிக்கு எழுத்துத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. எழுத்துக்கு ஓர் எண் என்று நாம் குறித்துக் கொடுத்தால், அவ்வெண்ணை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அச்சிடும்போது அந்த எண்ணுக்குரிய உருவத்தை எழுத்துரு என்னும் பெட்டியிலிருந்து எடுத்து வரையும். பழைய முறையில் இப்பெட்டிக்கு அறைகள் 256. அவற்றுள் முதற்பாதியை ஆங்கிலம் முன்பே குடியேறிப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய பாதியிலும் ஐரோப்பிய மொழிகளின் குறிகள் இருந்தன. தமிழைக் கணினியில் ஏற்ற விரும்பியவர்கள், அவற்றை ஒதுக்கிவிட்டு நம் எழுத்துகளை வைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஒழுங்கில் வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் எழுதியதை மற்றொரு நிறுவனத்தின் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குப்பையாய்த் தோன்றும். ஒருவர் சமைத்ததை மற்றவர் தொடலாகாது என்னும் ஜாதி ஆசாரம் கணினிக்குள்ளும் புகுந்தது போலும்!

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் தம்முள் கடிதம் எழுதி விவாதித்து, 'திஸ்கி' என்னும் பொது முறையை அமைத்தனர். அதில் 'இ' என்னும் உயிரெழுத்துக்கு 173ஆம் அறை கிடைத்தது. விண்டோஸ் என்னும் இயங்குதளத்திலோ அந்த 173ஆம் அறை, சொல் வரியிறுதியில் உடைந்தாலன்றித் தோன்றாத மெல்லிய இணைகோட்டுக்கு உரியது. ஆதலால் சில மென்பொருள்கள் 'இ'யை இணைகோடென்று கருதி விழுங்கிவிட்டன. எழுதியவர் 'இனம்' என்று எழுதினார், அச்சானது 'னம்'. பின்னர் 254ஆம் அறையிலும் 'இ'க்கு மறுபடி ஓர் இடம் தர நேர்ந்தது. அதே 173ஆம் அறையில் மெக்கிண்டோஷ் என்னும் மற்றோர் இயங்குதளம் வைத்திருந்தது என்ன தெரியுமா? இரண்டு கோடுகளை ஒரு கோடு வெட்டும் கணக்குக் குறி. அதற்குப் பொருள் 'சமமன்று' என்பது. ஒரே எண், ஒரே கோப்பு. ஆனால் ஓரிடத்தில் உயிரெழுத்து, ஓரிடத்தில் மறைந்த கோடு, ஓரிடத்தில் 'சமமன்று'. சமத்துவம் பேசும் நம்மைப் பார்த்து இயந்திரம் நகைத்தது என்றே சொல்ல வேண்டும்.

இக்குழப்பத்துக்கு மருந்தாக வந்தது ஒருங்குறி. உலகத்து எழுத்துகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து, ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்காதவாறு செய்த ஏற்பாடு அது. 1991ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே 'இ'யின் எண் 2951. அந்த எண் எந்த நாட்டில், எந்தக் கணினியில், எந்தக் கைப்பேசியில் இருந்தாலும் 'இ'யையே குறிக்கும். விண்டோஸ் 2000 முதல் 'லதா' என்னும் ஒருங்குறி எழுத்துரு அவ்வியங்குதளத்தோடேயே வந்தது. ஆப்பிள் கணினிகளோடு வரும் 'இணைமதி' என்னும் எழுத்துருவை வரைந்தவர், 1985 முதல் 'முரசு' மென்பொருளை உருவாக்கி வளர்த்த முத்து நெடுமாறன். அவர் நம் மலேசியத் தமிழர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மூவாரில் நாம் கண்டது

அப்படியானால் நோய் தீர்ந்ததா? தீரவில்லை. நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கே எழுதுகிறோம்.

மூவார் ஆற்றுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டம் இருந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வேறு நாட்டுத் தொழிலாளர் வந்தனர். லயங்கள் இடிபட்டன. குடும்பங்கள் மூவார்ப் பட்டணத்துக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கைக்கும் சிதறின. அத்தோட்டத்திற் பிறந்த இளைஞர் சிலர், பழைய மக்களையெல்லாம் ஒரு நாள் ஒன்றுகூட்ட வேண்டும் என்று முயன்றனர். கூட்டத்தில் கொடுக்க 32 பக்கத்தில் ஒரு சிறு மலர் ஆயத்தமாயிற்று. அதில் கவிதை இல்லை. தலைவர்களின் வாழ்த்துரை இல்லை. எந்த லயத்தில், எந்தக் கதவில், எந்தக் குடும்பம் இருந்தது என்னும் பெயர்ப் பட்டியல் மட்டுமே. தோட்டத்து ஆபீசு ஏடுகள் எங்கே போயினவோ, யாருக்கும் தெரியாது. அம்மக்கள் அங்கே வாழ்ந்ததற்கு அந்த 32 பக்கமே பட்டயம்.

பெயர்களைப் பலர் தத்தம் கைப்பேசியில் எழுதி அனுப்பினர். ஒருவர் தம் விண்டோஸ் கணினியில் தொகுத்தார். அங்கே எழுத்தெல்லாம் சரியாகவே இருந்தது. மூவார்ப் பட்டணத்தில் அஞ்சடியை ஒட்டிய ஓர் அச்சகத்தில் கோப்பைக் கொடுத்தனர். அச்சகத் தவ்கே சீனர், தொழிலில் சுத்தமானவர். அவரிடமிருந்தது ஆப்பிள் கணினி. கோப்பிலிருந்த எழுத்தை எடுத்துத் தம் பக்க அமைப்பு மென்பொருளில் இட்டு, ஓரம் பார்த்து, வண்ணம் பார்த்து, 300 படிகளைக் குறித்த நாளில் கட்டிக் கொடுத்தார். படிகள் கூட்டம் நடந்த காலையில்தான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன.

எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி மலரை வாங்கித் தம் பெயரைத் தேடினார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இளமையில் தோட்டத்து இரவுப் பள்ளியில் சில மாதம் அமர்ந்து தம் பெயரை எழுத மட்டும் கற்றவர். சம்பள நாளில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகக் கற்ற எழுத்து அது. அவர் பெயரின் முதலெழுத்து 'கொ'. மலரிலோ 'க' தனியே நின்றது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் வந்து, அடுத்த எழுத்தைப் பற்றிக்கொண்டு நின்றது.

"தம்பி, இது யாரு பேரு?" என்று கேட்டார்.

"உங்க பேருதான், பாட்டி" என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன்.

"எம் பேரு இப்படி இருக்காதே, ஐயா. பேனா இருந்தாக் குடு."

பேனாவை வாங்கித் தாளின் ஓரத்தில் மெல்ல எழுதிக் காட்டினார். பிறகே மற்றவர்களும் பார்த்தனர். கொம்புள்ள பெயர் ஒன்றும் தப்பவில்லை. செல்லம்மாக்களும் கோவிந்தன்களும் பொன்னுசாமிகளும் அனைவரும் சிதைந்திருந்தனர். 32 பக்கத்திலும் தன் இடத்தில் நின்ற ஒரே கொம்பு அம்மூதாட்டி கையால் எழுதியதுதான்.

குற்றம் யாருடையது? எழுதியவர் சரியாகவே எழுதினார். தொகுத்தவரும் சரியாகவே தொகுத்தார். நாமும் அவ்விளைஞரும் மறுவாரம் அச்சகத்துக்குச் சென்றபோது தவ்கே தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் மலாயில் சொன்னதன் கருத்து இது: "எனக்கு உங்கள் எழுத்து ஒரு படம். படத்தில் எது மூக்கு, எது காது என்று தெரிந்தால்தானே இடம் மாறியது தெரியும்? எங்கள் சீன எழுத்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. தைவான் கோப்பு ஒரு முறை, சீனத்துக் கோப்பு ஒரு முறை. ஒன்றை மற்றொன்றில் திறந்தால் பைத்தியக்காரன் எழுத்து." அவர் சொன்னது மெய். சீனத்தில் 1980இலும் தைவானில் 1984இலும் தோன்றிய இருவேறு குறியீட்டு முறைகள் சீன அச்சகத்தாரைப் பல்லாண்டு வாட்டின. தாள் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு மறுபடி அச்சிட்டுத் தர அவர் இசைந்தார்.

கொம்பு ஏன் இடம் மாறிற்று?

ஒருங்குறியில் 'கொ' என்பதைக் கணினி 'க' முதலிலும் 'ஒகரக் குறி' அடுத்தும் என்று ஒலி வரும் ஒழுங்கிலேயே நினைவில் வைக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை 'க'வுக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இவ்வேலையைச் செய்வதற்கென்று மென்பொருளுக்குள் ஓர் அமைப்பு வேண்டும். கைப்பேசியில் அது உண்டு. இக்காலத்து விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் விளம்பரமும் புத்தகமும் அமைக்கும் மென்பொருள்கள் சிலவற்றில், தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பை நாமாகத் தேர்ந்தெடுத்தாலன்றி அது வேலை செய்வதில்லை. தமிழறியாதவர் அதைத் தேர்ந்தெடுக்க நினைப்பாரா? இந்நாட்டின் பதாகைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ் மட்டும் அடிக்கடி உடைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனைக் கண்டு "தமிழை அவமதித்தார்கள்" என்று கூச்சலிடுகிறோம். அவமதிப்பு சில இடங்களில் இருக்கலாம். பல இடங்களில் இருப்பது அறியாமையே.

இங்கேதான் நம் நிலைமையின் தனித்தன்மையை உணர வேண்டும். மதுரையில் ஒருவர் இதே கோப்பை அச்சகத்தில் கொடுத்திருந்தால், அங்கே பக்கம் அமைப்பவர் முதல் தாள் ஓட்டுபவர் வரையில் யாராவது ஒருவர் "கொம்பு மாறிக் கிடக்கிறதே" என்று சொல்லியிருப்பார். மூவாரில் நம் எழுத்து, அதைப் படிக்கத் தெரியாத கைகளைக் கடந்தே காகிதத்தை அடைகிறது. அக்கைகள் பகைக் கைகள் அல்ல. நமக்கு உழைக்கும் கைகள்தாம். ஆனால் அவை நம் எழுத்தைத் திருத்தித் தர இயலாதவை. ஆகவே சிறுபான்மையாய் வாழும் மக்களின் எழுத்து, தன்னை வழியில் யாரேனும் காப்பாற்றுவார் என்று நம்பிப் புறப்படலாகாது. வேற்றூர்ப் பயணம் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதுபோல், தனக்கு வேண்டியதை எல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டே புறப்பட வேண்டும்.

அந்தக் கட்டுச்சோறு இப்போது கிடைக்கிறது. அச்சுப்பொறிக்கும் எழுத்துத் தெரியாது. அதற்குத் தெரிந்தது புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 300 அல்லது 600 புள்ளி வைத்து எழுத்தின் உருவத்தை அது நிரப்புகிறது. கோப்பைப் புள்ளியாக மொழிபெயர்க்கும் வழி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபட்டிருந்தது. விண்டோஸ் ஒரு வழியிற் செல்லும். ஆப்பிளும் லினக்ஸும் வேறு வழியிற் செல்லும். வழி எதுவாயினும் பக்கத்தின் உருவம் மாறாதிருக்க வேண்டும் என்று கருதி, அடோபி நிறுவனம் 1984இல் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்னும் பக்க விவரண மொழியை வெளியிட்டது. 1993இல் அதே நிறுவனம் 'பி.டி.எஃப்.' என்னும் கோப்பு வகையைக் கொண்டுவந்தது. 2008இல் அது ஒரு நிறுவனத்தின் உடைமை என்னும் நிலை நீங்கி, உலகத் தர நிறுவனத்தின் பொதுத் தரமாயிற்று. இதன் சிறப்பு என்ன? எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதோடு, அவ்வெழுத்தின் உருவத்தையும் கோப்பின் உள்ளேயே பதித்துக்கொள்ளலாம். அச்சகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும், கொம்பைப் பிளக்கும் அமைப்பு இல்லாவிட்டாலும் தாழ்வில்லை. பிளந்து முடித்த பக்கத்தையே அச்சகத்துக்கு அனுப்புகிறோம். மூவார் மலரின் மறுபதிப்பு இவ்வாறுதான் அச்சாயிற்று. இளைஞர்கள் தம் கணினியிலேயே பக்கங்களை அமைத்து, எழுத்துருவை உட்பதித்த கோப்பாக்கிக் கொடுத்தனர். தவ்கே ஓர் எழுத்தையும் தொடாமல் அச்சிட்டார். கொம்பெல்லாம் தம் இடத்தில் நின்றன.

பாலும் ஷீட்டும்

எனினும் ஓர் எச்சரிக்கை. பி.டி.எஃப். ஒன்று போதும் என்று எண்ணி மூலத்தை எறிந்துவிடலாகாது. தோட்டத்து மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மரத்திலிருந்து எடுத்த பாலை எந்த அச்சிலும் ஊற்றலாம். திராவகம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்தி ஷீட்டாக்கிவிட்டால், அதைக் கட்டிக் கப்பலேற்றலாம். வழியில் சிந்தாது, உருக்குலையாது. ஆனால் ஷீட் மீண்டும் பாலாகாது. ஒருங்குறியில் எழுதிய மூலம் பால் போன்றது. பி.டி.எஃப். ஷீட் போன்றது. தமிழ் பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்தை மறுபடி எடுக்க முயன்றவர்களுக்கு, அது எத்தனை சிதைந்து வருகிறது என்பது தெரியும். ஆகவே மூலத்தையும் வைத்திருக்க வேண்டும். ஷீட்டையும் வைத்திருக்க வேண்டும். நெடுநாள் காப்பதற்கென்றே 2005ஆம் ஆண்டில் 'பி.டி.எஃப். ஏ' என்னும் வகைக்குப் பொதுத் தரம் வகுத்துள்ளனர். அதில் எழுத்துருவை உட்பதிப்பது விருப்பமன்று, கட்டாயம்.

இனி நாம் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது பழைய கோப்புகளைப் பற்றி. 1990களில் நம் பள்ளிகளும் சங்கங்களும் வெளியிட்ட மலர்கள் பல 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருளில் அமைக்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்குப் பின் அது வளரவில்லை. அதன் வாரிசாக வந்த மென்பொருளின் இக்காலப் பதிப்புகளோ அக்கோப்புகளைத் திறப்பதில்லை. அவற்றிலுள்ள தமிழும் பழைய 256 அறை எழுத்துருக்களில் எழுதப்பட்டது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. தெரியாவிட்டால் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளின் குவியலே மிஞ்சும். அதை அறிந்தவர்கள் யார்? அன்று இரவெல்லாம் உட்கார்ந்து அம்மலர்களைத் தட்டச்சுச் செய்த ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும்தாம். அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். நெகிழ்தட்டுகள் அலமாரியில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோட்டங்களே இல்லாது போன பின்னர், அத்தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய எழுத்தும் போய்விடுமானால், "உங்கள் பாட்டன் எங்கே வாழ்ந்தான்?" என்று கேட்பவனுக்கு நாம் எதைக் காட்டப்போகிறோம்?

செய்ய வேண்டியவை

"மலாயும் ஆங்கிலமும் எல்லா இயந்திரத்திலும் அச்சாகின்றனவே, அவற்றிலேயே அடித்துவிட்டால் தொல்லை இல்லையே" என்று கூறும் நண்பர்கள் இருக்கின்றனர். அம்மொழிகளை நாம் கற்க வேண்டும். நன்றாகவே கற்க வேண்டும். ஆனால் செருப்புக் கடிக்கிறது என்பதற்காக யாரும் காலை வெட்டிக்கொள்வதில்லை. மற்றொரு சாரார், தமிழைத் தாய் என்றும் தெய்வம் என்றும் மேடையில் கும்பிடுகின்றனர். அவர்கள் கும்பிடும் அதே மேடையின் பதாகையில் அத்தெய்வத்தின் கொம்பு முறிந்து தொங்குவதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தமிழுக்கு இன்று வேண்டுவது கற்பூரமன்று. அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை கண்ணால் படித்துப் பார்க்கும் உழைப்பு.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். பக்கத்தைத் தமிழறிந்தவர் அமைத்து, எழுத்துருவை உட்பதித்த பி.டி.எஃப். ஆக்கி அச்சகத்துக்குக் கொடுங்கள். திறந்த மூலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முழுப் படியும் ஓடுவதற்கு முன் ஒரு தாளை அச்சிட்டு வாங்கி, கொம்பும் காலும் புள்ளியும் தம் இடத்தில் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள். மூலத்தையும் பி.டி.எஃப். கோப்பையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு படியைக் காகிதத்திலும் காப்பாற்றுங்கள். காகிதத்தைத் திறக்க எந்த இயங்குதளமும் வேண்டியதில்லை. பழைய நெகிழ்தட்டு வைத்திருப்போரை இந்த ஆண்டே தேடிச் சென்று, அது எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேட்டு உறை மீது எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு வாசகசாலையும், ஒவ்வொரு பள்ளிப் பெற்றோர் சங்கமும், ஒவ்வொரு கோவில் நிருவாகமும் இவ்வேலைக்கென்று ஓர் இளைஞனையோ இளநங்கையையோ நியமிக்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை, பெரும்பணமும் தேவையில்லை. எல்லா இயந்திரத்திலும் எல்லா மொழிக்கும் சம இடம் என்னும் ஏற்பாட்டை உலகத்து அறிஞர்கள் எண்ணளவில் செய்து முடித்திருக்கின்றனர். அந்தச் சமத்துவத்தைத் தாளளவில் கொண்டுவரும் வேலை நம்முடையது. நம் ஊர்களிலிருந்து இனிப் புறப்படும் தாள்களேனும், கொம்பும் காலும் குறையாமல், அவற்றில் பெயர் உள்ளவர்கள் தம் பெயர் இதுவே என்று சொல்லத்தக்கவாறு புறப்படுவனவாக.